தம்பி மகனை இங்கிலாந்துக்கு ஏற்றிவிடப் பார்த்த கதை

உ

டூங்கபி, சிட்னி,
ஜனவரி கடைசிச் செவ்வாய்

அன்புள்ள தம்பி வரதராஜாவுக்கு,

அண்ணன் விக்னராஜா எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணி யோகாவும் மகள் சயந்தினியும், ஜூலையிலிருந்து எங்களோடு இருக்கும் உன் மகன் கீர்த்தனனும் இங்கே சுகம். நியூ ஜெர்சியில் நீயும் மிருணாளினியும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை என்பதால் எழுதியிருக்கிறேன். முறைக்கு மேல் இதில் வேறொன்றையும் தேட வேண்டாம்.

சனிக்கிழமை நீ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்தியைக் கண்ணுற்றேன். நான் மட்டுமல்ல, கனடாவில் இருக்கும் மச்சான்மார், நோர்வேயில் இருக்கும் சின்னம்மாவின் பிள்ளைகள், பெயர் தெரியாமல் படத்தில் ரோசாப்பூ வைத்திருக்கும் அந்த ஆள் உட்பட எல்லோரும் கண்ணுற்றார்கள். "கீர்த்தனனுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. பிள்ளையில் பிழை இல்லை. தங்கியிருந்த வீட்டுச் சூழ்நிலை படிப்புக்கு ஏற்றதாக அமையவில்லை" என்று எழுதி, கீழே கும்பிடுகிற கை ஒன்றும் போட்டிருந்தாய். அந்தக் கை யாரைக் கும்பிடுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. உடனே கனடாவிலிருந்து ஒருவர் அழுகிற முகம் போட்டார், இன்னொருவர் "பாவம் பிள்ளை" என்றார், ரோசாப்பூ ஆள் என்னிடமே "உங்கட வீட்டில என்ன பிரச்சினை?" என்று கேட்டார். நான் ஒரு விரலால் மறுமொழி அடிக்கத் தொடங்கினேன். யோகா வந்து போனைப் பறித்துவிட்டாள். "குழுவுக்குள்ள சண்டை பிடிக்காதேங்கோ, சொல்லுறதைத் தனியச் சொல்லுங்கோ" என்றாள். ஆகையால் இந்தக் கடிதம். தபாலில் வரும். இதை நீ வேறு ஆட்களுக்குத் தட்டிவிட முடியாது என்பது இதில் உள்ள ஒரேயொரு வசதி.

தொடக்கத்திலிருந்து சொல்கிறேன், உனக்கு உன் வசதிப்படி ஞாபகம் வைத்திருக்கிற பழக்கம் இருப்பதால். போன ஆனி மாதம் நீ போன் எடுத்து, "அண்ணை, பொடியன் அமெரிக்காவில இரண்டு வருசம் முடிச்சிட்டான். ஒரு தவணை மட்டும் சிட்னியில வந்து படிக்கப் போறான். உங்களோட நிக்கட்டும்" என்றாய். நான் வாய் திறக்க முதல் யோகா குசினிக்குள் இருந்து "ஓம், வரச் சொல்லுங்கோ" என்றுவிட்டாள். அவள் ஓம் என்று சொன்ன பிறகுதான் நீ மிச்சத்தைச் சொன்னாய். தவணைப் படிப்பு ஒரு சாட்டு, அந்த நேரத்துக்குள் அவன் எங்கள் வீட்டிலிருந்தபடியே இங்கிலாந்தில் இருக்கிற பெரிய பழைய பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் படிக்க விண்ணப்பம் போட வேண்டும், அமெரிக்காவில் முதலில் ஒரு பட்டம் முடித்துத்தான் சட்டத்துக்குப் போகலாம், இங்கிலாந்தில் நேரே போகலாம், அமெரிக்காவில் படித்த இரண்டு வருடத்தையும் காட்டினால் அங்கே நடுவில் ஏற்றிவிடுவார்கள், நியூ ஜெர்சியில் கூட்டாளிமாரும் விளையாட்டும் கூடிப்போனதால் ஒரு அமைதியான வீடு வேண்டும் என்றாய். "அதோட அந்தப் பெயர், அண்ணை! அந்தப் பெயர்!" என்றாய். "பெயருக்காகவோ இவ்வளவும்?" என்று நான் கேட்டனான். "உங்களுக்கு இது விளங்காது, அண்ணை" என்றாய். சரி. எனக்கு விளங்காது. முப்பது வருடத்துக்கு மேலாக சிட்னி ரயில்களுக்குச் சிக்னல் திருத்தியவனுக்கு எந்த வண்டி எந்தப் பாதையில் ஏறும், ஏறாது என்பது எப்படி விளங்கும்?

பொடியனைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வந்த நாளிலிருந்து சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைக்கிறான். ஒவ்வொரு இடியப்பத்துக்கும் ஒரு "தாங்க் யூ, பெரியம்மா". முதல் கிழமை முழுக்க யோகா அவன் தன்னைப் பகிடி பண்ணுகிறான் என்றே நினைத்தாள். வந்த மறுநாளே அவன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டி, "பெரியப்பா, அவங்க ட்ரான்ஸ்ஃபர் எடுக்கிறதே இல்லை. நான் திரும்ப ஃபர்ஸ்ட் இயர்ல இருந்து தொடங்கணும். அப்பாட்ட சொன்னேன். கோல் பண்ணிக் கேளுன்னு சொல்றார்" என்றான். (இந்தியத் தமிழும் அமெரிக்க இங்கிலீசும் கலந்துதான் அவன் கதைக்கிறான், அது மிருணாளினி வீட்டு வழி, நான் ஒன்றும் சொல்லவில்லை.) அங்கே எழுத்தில் போட்டிருக்கிறது. பச்சைப்பிள்ளைக்கும் விளங்கும் இங்கிலீசு. உனக்கு மட்டும் அது எழுத்தில் இருந்தால் போதாது, யாராவது எடுத்துக் கேட்க வேண்டும். நீ வேலையில் பிஸி. ஆகவே நான்.

எடுத்தேன். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு பொம்பிளைப் பிள்ளை, நல்ல மரியாதை, விண்ணப்பதாரியோடு மட்டும்தான் கதைக்கலாம், பெற்றோரோடு கதைக்க விதி இல்லை என்றாள். நான் பெற்றோர்கூட இல்லை, பெரியப்பா. நீ மற்றப் போனில் நின்றுகொண்டு, "அண்ணை, நீங்கள்தான் அவன் எண்டு சொல்லுங்கோ, சொல்லுங்கோ" என்று கத்துகிறாய். பொடியன் பக்கத்தில் நின்று இரண்டு கையாலும் வேண்டாம் என்கிறான். நான் என்ன செய்தேன்? என் அறுபத்தேழு வயதுத் தொண்டையைச் செருமி, "திஸ் இஸ் கீர்த்தனன் ஸ்பீக்கிங்" என்றேன். அவள், "உங்களுக்கு எத்தனை வயது, கீர்த்தனன்?" என்றாள். இருபது என்றேன். சொல்லி முடிய இருமல் வந்துவிட்டது, என் இருமல் எப்படியென்று உனக்குத் தெரியும். அவள் இருமி முடியும் வரைக்கும் பொறுத்திருந்து, "உங்களை முதல் வருட விண்ணப்பதாரியாகப் பரிசீலிக்க எங்களுக்கு மிகவும் சந்தோசம். இடையில் சேர்ப்பதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றாள். இங்கிலாந்துக்காரர் ஒருவர் என் உடம்பைப் பற்றி விசாரித்தது அதுதான் முதல் தடவை. நீ இன்றுவரை விசாரித்ததில்லை.

அதோடு நீ விடுவாய் என்று நினைத்தேன். படித்த இரண்டு வருடமும் அங்கே செல்லாது, ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். "போனால் போகட்டும், பெயர் வேணும்" என்றாய். அதன் பிறகு நடந்ததெல்லாம் அந்த ஒரு சொல்லால் வந்தது.

பரிந்துரைக் கடிதத்துக்கு அமெரிக்கப் பேராசிரியரைக் கேட்டது நீ. அவருடைய விரிவுரை மண்டபத்தில் ஐந்நூறு பிள்ளைகள் இருந்தார்களாம். "இம்மாணவர் என் வகுப்பில் இருந்தார் என்று எனக்கு அறியக் கிடைக்கிறது" என்று அவர் எழுதி அனுப்பினார். அதைப் படித்துவிட்டு என்னிடம் எடுத்து, "சிட்னியில ஒரு ஆளைப் பிடியுங்கோ அண்ணை" என்றாய், ஆளைப் பிடிக்கிறது என்றால் கொழும்பில் அரசாங்கக் கச்சேரிக்குக் காரியம் முடிக்கப் போவது போல. பொடியனே போய்த் தன் வகுப்பு எடுக்கிற ஒருவரிடம் கேட்டு நல்லதாக ஒன்று வாங்கி வந்தான். அதில் உனக்கும் எனக்கும் ஒரு பங்கும் இல்லை.

பிறகு, சட்டம் படிக்க விண்ணப்பிக்கிறவர்கள் எழுத வேண்டிய நுழைவுப் பரீட்சை. நியூ ஜெர்சியில் இருந்தபடி நீயே இணையத்தில் பதிந்துவிட்டாய், "கீத் ராஜா" என்று. அமெரிக்காவில் கூட்டாளிமார் அவனைக் கூப்பிடுகிற பெயர். பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயர் கீர்த்தனன் வரதராஜா, அது ஒரு வரி நிறைய ஓடும். சயந்தினி ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்துவிட்டு, கண் மூடாமல் அவனை ஏற்றிக்கொண்டு சிட்டிக்குப் போனாள். வாசலில் நின்றவர் இரண்டு பெயரையும் பார்த்துவிட்டு, "இந்த ஆள் அந்த ஆள் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார். உனக்குச் சொன்னால் நீ என்ன சொன்னாய்? "சயந்தினி கொஞ்சம் அழுத்திக் கதைச்சிருக்கலாமே. நர்ஸ்தானே, ஆக்களோட கதைக்கத் தெரிய வேணுமே." நான் அதை அவளுக்குச் சொல்லவில்லை. அவள் திரும்பப் பதிந்து, திரும்ப லீவு எடுத்து, திரும்பக் கொண்டுபோய் இருத்திவிட்டு, அவன் எழுதி முடியும் வரைக்கும் காருக்குள் நித்திரை கொண்டாள். அவளுக்கு நர்ஸ் படிப்புக் கிடைத்த நாளில் உனக்கு போன் எடுத்தோமே, ஞாபகம் இருக்கோ? "வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தோம், வரதா. பிள்ளை பக்கத்தில் கேக் வெட்டக் கத்தியோடு நின்றவள்.

இனி வருகிறதுதான் நான் இந்தக் கடிதம் எழுதுகிற காரணம், சூழ்நிலை எல்லாம் சாட்டு.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நீ சந்தோசத்தில் துள்ளினாய், நாங்களும்தான். உடனே எனக்கு ஒரு புதுவேலை. "அண்ணை, ஒவ்வொரு நாளும் பின்னேரம் நீங்கள் பேராசிரியர் மாதிரி இருந்து அவனைக் கேள்வி கேளுங்கோ. உண்மையா நடக்கிற மாதிரியே இருக்க வேணும்." சரியென்று சயந்தினியின் பட்டமளிப்புக்குத் தைத்த சேட்டும் போட்டு, கழுத்துப்பட்டியும் கட்டி, சாப்பாட்டு மேசைத் தலைமாட்டுக் கதிரையில் இருந்தேன். யோகா குசினி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொடியன் எதிரில் இருந்தான். "மிஸ்டர் கீர்த்தனன், நீங்கள் ஏன் சட்டம் படிக்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவன் நிமிர்ந்து இருந்தான். இந்தப் பொடியன் எங்கள் வீட்டுக்கு வந்து அப்படி நிமிர்ந்து இருந்து நான் காணவில்லை. உன்னைப் பற்றி ஏதாவது கதைத்தால் தோள் இரண்டும் கீழே போய்விடும், அதுதான் அவன் வழமை. அன்றைக்கு நேராக இருந்து, மனப்பாடமாக, இங்கிலீசில் சொன்னான். நான் தமிழில் எழுதுகிறேன்: "என்னுடைய அப்பாவுக்கு என் வயதாக இருக்கும்போது, சண்டை நடந்த ஓர் இரவு, அவர் ஒரு கிணற்றுக்குள் நின்றார். தலைக்கு மேலால் ஷெல் போய்க்கொண்டிருந்தது. நெஞ்சுவரை தண்ணீர். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கைக்குழந்தையை விடியும்வரை தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். சட்டம் இல்லாத இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்கிறான் என்பதை நான் அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்."

முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தான். இதை எழுதித்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் தனக்கு இடம் கிடைத்தது என்றான். வகுப்பில் வாசித்தபோது டீச்சரும் அழுதாவாம்.

வரதா, அந்த இரவு நீ எங்கே நின்றனி? கொழும்பில், வெள்ளவத்தையில், அத்தை வீட்டு மேல்மாடியில், சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தனி. மின்விசிறி சத்தம் போடுகிறது, படிக்க முடியவில்லை என்று அம்மாவுக்கு முறைப்பாடு சொல்லி அனுப்பினனி. அப்பவும் உனக்கு வீட்டுச் சூழ்நிலை சரியில்லை. ஊரில், கொக்குவில் ரயில் கடவைக்குப் பின்னால் இருந்த பாழ்ங்கிணற்றுக்குள் நின்றவன் நான். நெஞ்சுவரை தண்ணி இல்லை, இடுப்பளவுதான். கைக்குழந்தையும் இல்லை. சங்கரப்பிள்ளை மாஸ்டரின்ர ரேடியோ! நான் உயரம் என்றபடியால் அவர் அதை என்ர கையில தந்து, "தம்பி, நனையவிடாதை" என்றவர். மேலால ஷெல் கூவிக்கொண்டு போகும், அது எங்கேயோ விழும், நிலம் ஆடும், ஆடி முடிய மாஸ்டர் இருட்டுக்குள்ள இருந்து கேப்பார், "தம்பி, ரேடியோ எப்பிடி?" விடியிற வரைக்கும் அதுதான் கதை. ஒரு தவளையும் நிண்டது. என்ர வலது தோள் இண்டைக்கும் உயராது. இங்கத்தைப் பிசியோகாரி "கிரிக்கெட் விளையாடினனீங்களோ?" என்று கேட்கிறாள். இதை நான் உனக்குச் சொன்னது நீ அமெரிக்கா போய் முதன்முதல் எடுத்த போனில். நீ கேட்டுவிட்டு "ஓ" என்றாய், பிறகு உன் பிறப்புச் சான்றிதழை அம்மா அனுப்பிவிட்டாவோ என்று கேட்டாய். நீ காதிலேயே போடவில்லை என்று நான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படிப் பத்திரமாக எடுத்து வைத்திருப்பாய், ரேடியோவைக் குழந்தையாக்கி வளர்த்தும் வைத்திருப்பாய் என்று நான் கண்டேனோ?

குசினி வாசலில் சிரிப்பு நின்றுவிட்டது. யோகா "கிணறோ? அது..." என்று தொடங்கினாள். நான் அவளைப் பார்த்தேன். நிறுத்திவிட்டாள். "வாட், பெரியம்மா?" என்றான் பொடியன். "ஒண்டுமில்லை ராசா, அடுப்பில பால் பொங்குது" என்றுவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் பால் இல்லை. பொடியன் அந்த வெறும் அடுப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பேராசிரியர் குரலில், "நல்லது, ஆனால் இங்கிலாந்தில் அப்பாவைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்" என்றேன். "தெரியும், பெரியப்பா. அவங்களுக்கு சப்ஜெக்ட் மட்டும்தான் வேணும். இந்த ஸ்டோரி அங்க யூஸ் இல்லை" என்றான்.

யூஸ் இல்லையாம். என்னைக் கேளாமல் என் கிணற்றை எடுத்து, குழந்தை ஒன்றும் சேர்த்து, ஒரு நாட்டுக்குக் கொடுத்தாய். அதே கிணற்றை மற்ற நாடு வேண்டாம் என்று சொல்கிறது. எனக்கு எதற்குக் கோபிப்பது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

அவனிடம் நான் ஏன் அப்பவே சொல்லவில்லை என்று நீ யோசிப்பாய். அவன் உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னது அந்த ஒன்றுதான், வரதா. வேறு ஒன்றும் அவனிடம் இருக்கவில்லை. நான் கேட்டுப் பார்த்தேன். "அப்பா பிஸி" என்றான்.

நேர்முகம் மார்கழியில், இங்கத்தை நேரம் இரவு எட்டு மணி, கோடை என்றபடியால் வெளிச்சம் இன்னும் போகவில்லை. வீட்டை நான் எப்படி வைத்திருந்தேன் என்று கேள், நீ சூழ்நிலை என்கிறாயே. பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் அன்றைக்குப் புல்லு வெட்ட வேண்டாம் என்று கெஞ்சினேன். யோகா மிளகாய் தாளித்தால் பொடியனுக்குத் தும்மல் வரும் என்று வெறும் பருப்பும் சோறும் சமைத்தாள். எல்லார் போனும் நிறுத்தி, அரிசிப் பெட்டிக்குள். சயந்தினி வெளியே போய்விட்டாள். நான் அறை வாசலில் உடுப்புக் கூடைக்கு மேல் இருந்துகொண்டேன். ஒரு அம்மாவும் ஒரு கிழவரும் திரையில் வந்தார்கள். கிழவர் கேட்டார்: ஒரு பூங்காவில் 'நாய்களுக்கு அனுமதி இல்லை' என்று பலகை போட்டிருக்கிறது, ஒருவர் கழுத்தில் கயிறு கட்டி ஒரு நரியைக் கூட்டிக்கொண்டு வருகிறார், அவர் விதியை மீறினாரா? பொடியன் யோசித்தான். பிறகு சொல்லத் தொடங்கினான். அந்தப் பலகையை எழுதினவர் எதற்குப் பயந்தார், கடிக்கும் என்றோ, அசிங்கம் பண்ணும் என்றோ, பயந்தது ஒன்று எழுதினது ஒன்றென்றால் எதைப் பார்ப்பது என்று அவன் கேட்க, கிழவர் மறித்துக் கேட்க, இவன் திருப்பிக் கேட்க, அந்த அம்மா சிரிக்க, எனக்கு உடுப்புக் கூடைக்கு மேல் மயிர் கூச்செறிந்தது. எங்கட பொடியன்தானோ இது? அந்த நேரம் அடிச்சுதே உன்ர கோல்.

அரிசிப் பெட்டிக்குள் இருந்து இல்லை. மடிக்கணினியிலேயே, அவர்கள் முகத்துக்கு மேலால், உன் படம். அவன் நிறுத்தினான். நீ திரும்ப எடுத்தாய். நிறுத்தினான். திரும்ப எடுத்தாய். பதற்றத்தில் சிவப்பை அழுத்துகிறேன் என்று பச்சையை அழுத்திவிட்டான். உன் குரல் எங்கள் தெரு முழுக்கக் கேட்டது: "தொடங்கிட்டுதோ? கிணத்தைச் சொன்னனியோ?"

அந்த அம்மா, "எல்லாம் சரியா?" என்று கேட்டா. "சொரி, அது என் அப்பா" என்றான். கிழவர் கேட்டார், "நரியைப் பற்றி அவருக்கு ஏதாவது அபிப்பிராயம் உண்டா?"

பகிடிக்குத்தான் கேட்டவர். நல்ல மனிசன். ஆனால் பொடியனின் தோள் கீழே போய்விட்டது. அதற்குப் பிறகு "யெஸ்" என்றான், "ஐ சப்போஸ்" என்றான், நரி போன இடம் தெரியாது. முடிந்து வெளியே வந்து பின்வளவுப் படியில் இருந்தான். யோகா கோப்பையில் சோறு போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "பெரியப்பா, ஐ வாஸ் என்ஜோயிங் இட்" என்றான். "இதுவரைக்கும் அப்பாக்காகத்தான் எல்லாம் பண்ணினேன். இன்னைக்கு முதல் தடவை எனக்கே வேணும்போல இருந்தது." இதை அவன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான், நீ கேட்டிருக்கவும் மாட்டாய்.

போன கிழமை மறுமொழி வந்தது. குசினி மேசையில் இருந்து வாசித்தான், "ஓகே" என்றான், தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்தான். உனக்கு போன் எடுத்துச் சொன்னான். நீ அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. "அப்ப ஆருக்குக் கிடைச்சது?" என்று கேட்டாய். இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகம் முதல் வருடத்தில் சேர வா என்று கூப்பிட்டிருக்கிறது, அதைச் சொன்னான். "அது பெயரில்லாத இடம்" என்றாய். சனிக்கிழமை குழுவில் எங்கள் வீட்டுச் சூழ்நிலையைப் பிரசுரித்தாய்.

ஆகவே தம்பி, கேட்டுக்கொள். குழுவில் எழுதினதைக் குழுவிலேயே வாபஸ் வாங்கு, எங்கள் வீட்டுச் சூழ்நிலை உன் கோல் வரும்வரைக்கும் நல்லாகத்தான் இருந்தது என்று எழுது. பொடியனை உடனே கூப்பிட்டு, கிணற்றுக்குள் நின்றது யார் என்று உன் வாயாலேயே அவனுக்குச் சொல்லு. நீ சொல்லாவிட்டால் நான் சொல்லுவேன், ரேடியோ முதல் தவளை வரை. அவனுக்கு ஒரு டிக்கெட் போட்டு இந்த மாதத்துக்குள் கூப்பிட்டுக்கொள். இதற்குப் பிறகு உன் வீட்டிலிருந்து படிக்கவோ பார்க்கவோ சுற்றவோ ஒருவரும் இந்த வாசலுக்கு வர வேண்டாம். போனும் வேண்டாம், பொங்கல் வாழ்த்தும் வேண்டாம். உன் ஆள் மாறாட்டத்துக்கெல்லாம் இவ்வளவு காலம் அண்ணன் என்று நின்றது போதும்.

எல்லாம் வல்ல முருகன் உனக்கு நல்ல புத்தியையும் உன் போனுக்கு நல்ல ஓய்வையும் அருள வேண்டும் என்று இறைஞ்சுகிறேன். மிருணாளினிக்கு எங்கள் அன்பு, அவவில் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

இப்படிக்கு,
உன் அண்ணன்
சி. விக்னராஜா

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு தபாற்பெட்டிக்குப் போகச் செருப்பைக் கொழுவினேன். பொடியன் பின்னால் வந்தான். "பெரியப்பா, ஒண்ணு கேக்கலாமா? அன்னைக்கு அடுப்பில பால் இல்லை." ஓம், இல்லை என்றேன். "கிணத்துக்குள்ள நின்னது நீங்களா?" என்றான். வடிவாகத் தமிழில் கேட்டான். நான் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், விளக்கம் முழுக்கப் பையில் இருக்கிறது. அவன் முகத்தைப் பார்த்தேன். "ரெண்டு பேரும்தான்" என்றேன்.

"போத் ஒஃப் யூ?" என்றான். "ஓம். அப்பா அப்ப சின்னப் பொடியன். சின்ன ஆக்கள் தங்களை மட்டும்தான் ஞாபகம் வச்சிருப்பினம்." "அப்ப அந்த பேபி?" "குழந்தை அவன்ர கையில. எனக்கு ரேடியோதான் கிடைச்சது" என்றேன். அவன் சிரித்தான் பார், வரதா, இந்த ஆறு மாதத்தில் அப்படிச் சிரிக்கவில்லை. உள்ளே ஓடிப்போய், "பெரியம்மா, பெரியப்பாக்கு ரேடியோவாம்!" என்றான். யோகா யன்னலால் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஆகவே உறையைக் கிழித்து இதைச் சேர்த்து எழுதுகிறேன். தபாலுக்குப் பொறுக்க நேரமில்லை, பக்கம் பக்கமாகப் படமெடுத்து உனக்கு மட்டும் அனுப்புகிறேன். டிக்கெட் போட வேண்டாம். அவன் அந்த வடக்குப் பல்கலைக்கழகத்துக்குத்தான் போகப்போகிறானாம், புரட்டாதி வரைக்கும் இங்கேயே நிற்கப்போகிறானாம், யோகா ஓம் என்றுவிட்டாள், விசாவைச் சயந்தினி பார்க்கிறாளாம். குழுவில் நீ என்ன எழுதினாலும் எழுது, எழுதாமல் விட்டாலும் விடு. ஆனால் இதை வடிவாகப் பாடமாக்கு: தண்ணி இடுப்பளவு, நெஞ்சளவு இல்லை. மாஸ்டரின் பெயர் சங்கரப்பிள்ளை. நீ என்ர இடப்பக்கம் நிண்டனி. இரவு முழுக்க அண்ணனும் தம்பியும் இருட்டுக்குள்ள நின்று என்ன கதைத்தீர்கள் என்று பொடியன் என்னிடம் கேட்டான். எனக்கு ஒன்றும் வரவில்லை. அதை அப்பாவிடம் கேள் என்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் எடுப்பான். அதுக்குள்ள ஏதாவது யோசிச்சு வை.